நம்பரைக் கதவுக்கு உள்ளே எழுதுங்கள்

வெள்ளைக் கூரைத் திட்டத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். மைக் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். பெயிண்ட் எத்தனை கை அடிப்பது, சோலார் பலகையை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதை மேஸ்திரி சொல்லித் தருவார். நான் சொல்லப்போவது ஒரே ஒரு காலைப் பொழுதையும் அதற்குப் பின்னால் வந்ததையும் பற்றி. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்துவிட்டேன், இன்றைக்கும் அது என்னை விடவில்லை.

அதற்கு முன்னால் என்னைப் பற்றி ஒரு செய்தி. நான் ஆவடியில் படைத்துறைத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அங்கே எல்லாவற்றுக்கும் நம்பர் உண்டு. வாசல் கதவில் நம்பர், தலைக்கு மேலே சுற்றும் ஃபேனில் நம்பர், அப்பா உட்காரும் மர நாற்காலிக்கு அடியில்கூட நம்பர். வழி தெரியாமல் அழுகிற குழந்தையிடம் முதலில் பெயரைக் கேட்க மாட்டார்கள், "உங்க வீட்டு நம்பர் என்னம்மா?" என்றுதான் கேட்பார்கள். கதவில் நம்பர் இருந்தால் தபால் வரும், தண்ணீர் வரும், ஃபேன் ஓடாவிட்டால் ஆள் வருவார். நம்பர் போட்ட வீடு பத்திரமான வீடு என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

இனி ஏரிக்கரைக்கு வருகிறேன்.

நூம்பல் பக்கம் உள்ளே தள்ளி ஓர் ஏரிக்கரை. எது என்று சொல்லப்போவதில்லை. ஒரு பக்கம் அடுக்குமாடிகள் முளைத்துக்கொண்டிருந்தன, இந்தப் பக்கம் கரையை ஒட்டி வரிசையாகத் தகரமும் சிமெண்ட் ஷீட்டும் போட்ட வீடுகள். பட்டா யாருக்கும் கிடையாது. சித்திரை வெயிலில் அந்தத் தகரத்துக்குக் கீழே பகலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், திட்டம் எதற்கு என்று யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியிருக்காது. கூரைக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு, வீட்டுக்கு ஒரு சோலார் விளக்கு, அதே பலகையில் ஓடும் ஒரு சின்ன ஃபேன். நாங்கள் கொடுத்தது இவ்வளவுதான்.

முதல் கூட்டத்தில் பெண்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருந்தபோது எழுந்து பேசியவர் ஷாகிரா. அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளின் ரப்பர் வாஷர்களை மூட்டையாக வாங்கி வந்து, வீட்டில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக் கொடுப்பவர். கணவர் இல்லை. மகள் நஸ்ரின் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள்.

"பகல்ல ஊட்டுக்குள்ள இட்லி கணக்கா வேவறோம்க்கா" என்றார் ஷாகிரா. "எனக்குப் பழகிப் போச்சு. பொறக்கப் போற புள்ளைக்கு இன்னா தெரியும்? சீக்கிரமா வந்து அடிச்சுக் குடுங்க."

வருகிறோம் என்றோம். எங்கள் ஆபீஸில் கையெழுத்துகள் பிள்ளையைவிட மெதுவாகப் பிறந்தன. பெயிண்ட் வந்து இறங்கியபோது நஸ்ரினுக்குப் பெண் குழந்தை பிறந்து வீட்டுக்கும் வந்துவிட்டிருந்தது. அக்கினி நட்சத்திரம் தொடங்கியிருந்தது.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பூச்சு வேலைக்கு முந்தின நாள் பெயிண்டர்களில் இரண்டு பேர் பைக்கில் போய், பட்டியலில் இருக்கும் வீட்டு வாசலில் நம்பர் போட்டுவிட்டு வருவார்கள். மறுநாள் காலையில் எந்த வீடு என்று தேட வேண்டாம் பாருங்கள். கையில் எப்போதும் மிச்சம் இருப்பது இரும்புக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடு, அதனால் அந்தச் சிவப்பிலேயே போடுவார்கள். திருமுல்லைவாயிலில் இப்படித்தான் போட்டோம். அங்கே ஒரு வீட்டம்மா, "கொஞ்சம் அழகா எழுதக் கூடாதா?" என்று கோபித்துக்கொண்டதோடு சரி. அங்கே எல்லோருக்கும் பட்டா இருந்தது. அந்த வித்தியாசம் எங்கள் ஒருவர் புத்தியிலும் உறைக்கவில்லை.

மறுநாள் காலையில் பெயிண்டர்கள் மினி லாரியில் முன்னால் போக, நானும் எங்கள் ஒருங்கிணைப்பாளரும் பின்னால் காரில் போனோம். அவர் என்னைவிட வயதில் சின்னப் பெண், எனக்கு மேலதிகாரி. அதில் எனக்குக் கொஞ்சம் புகைச்சல் உண்டு, மறைப்பானேன். ஏரிக்கரையில் திரும்பியதும் லாரி சடக்கென்று நின்றது. என்ன பஞ்சரா என்று இறங்கிப் போனேன்.

வீடுகளுக்குக் கூரை இல்லை.

ஒரு வீட்டுக்கு இரண்டு வீட்டுக்கு என்றால் எதையாவது நினைத்துக்கொள்ளலாம். நாங்கள் நம்பர் போட்ட அத்தனை வீடும் மொட்டையாக நின்றது. சுவர் இருக்கிறது, கதவு இருக்கிறது, கதவில் எங்கள் சிவப்பு நம்பர் பளிச்சென்று இருக்கிறது, மேலே வானம். சாலையோரம் தகரங்கள் அடுக்கிக் கயிறு கட்டியிருந்தன. துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற முடியாமல் இழுத்ததில் நொறுங்கிய சிமெண்ட் ஷீட்டுகள் குவியலாகக் கிடந்தன. பாத்திரம், அரிசி டின், தையல் மிஷின், துணி மூட்டை, எல்லாம் தெருவில். ஆண்கள் ஆளுக்கொரு மூட்டைமேல் உட்கார்ந்து பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மினி லாரியைப் பார்த்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். அப்படி எழுந்து நின்றதை என்னால் மறக்க முடியவில்லை. பின்னால் ஜேசிபி வருகிறதா என்று அவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

லாரியிலிருந்து இறங்கின மேஸ்திரி கையில் பிரஷ்ஷோடு என்னைப் பார்த்தார். "மேடம், எதுல அடிக்கிறது?" என்றார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார்.

ஷாகிரா தன் வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை எப்படிச் சொல்வது? கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். ஏமாந்தவர்களுடைய முகம் அது.

"நீங்களாக்கா?" என்றார். "நீங்களா நம்பர் போட்டது?"

"பெயிண்ட் அடிக்கத்தான் ஷாகிராம்மா, அடையாளத்துக்கு. எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?"

"இன்னாத்துக்குப் போன் பண்றது? பண்ணா இல்லன்னு தான் சொல்லுவீங்க. இதுக்கு முன்னாடி ஆத்தோரம் இருந்தோம். அங்கயும் உங்கள மாதிரி மேடமுங்க வந்து கூட்டம் போட்டாங்கோ. பயப்படாதீங்க, ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னாங்கோ. அப்புறம் ஒருநாள் சாயங்காலம் ரெண்டு பேரு வந்து செவப்பா நம்பர் போட்டான். நாங்களும் ஒண்ணும் ஆவாதுன்னு தூங்கினோம். விடிஞ்சா மிசினு நிக்குது. தகரத்த மட்டும் எட்த்துக்கறேன் சாமீன்னு கால்ல உழுந்தேன். என் கண்ணு முன்னாடியே நசுக்கிட்டான். இந்தத் தகரம் நான் மறுபடி பிசிறு வெட்டிச் சேர்த்தது. இதையும் குடுக்க முடியாதுக்கா."

என் குவார்ட்டர்ஸ் நம்பர் ஞாபகம் வந்தது. அதே மாதிரி ஓர் எழுத்து, கதவில் அதே இடம். ஒரே எழுத்து ஓர் ஊரில் கூரையைக் கொடுக்கும், நாலு மைல் தள்ளி இன்னோர் ஊரில் கூரையைக் கழற்ற வைக்கும் என்று என் மரமண்டைக்குத் தோன்றியதே இல்லை.

நான் வாயைத் திறந்து எல்லோருக்கும் விளக்கம் சொல்லத் தயாரானபோது, பக்கத்தில் நின்ற ஒருங்கிணைப்பாளரைக் காணோம். அவர் ஷாகிராவின் வீட்டுக்குள் போயிருந்தார். பின்னால் ஓடினேன். கூரையில்லாத அறையில், கட்டிலின் இரண்டு பக்கமும் கொம்பு நட்டு மேலே ஒரு புடவையைக் கட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே நாற்பது நாள் தீட்டுக்கூடக் கழியாத நஸ்ரின், மடியில் குழந்தை. வெயில் புடவையைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. குழந்தை அழவில்லை. அழாததுதான் பயமாக இருந்தது.

"காலைல இருந்து பால் குடிக்கல, மேடம்" என்றாள் நஸ்ரின். "தூங்குதுன்னு நெனச்சேன்."

ஒருங்கிணைப்பாளர் குழந்தையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். விளக்கம், சமாதானம், மன்னிப்பு ஒன்றும் கிடையாது. "காரைக் கொண்டு வரச் சொல்லுங்க, ஏசியைப் போடச் சொல்லுங்க" என்றார் என்னிடம். பிறகு ஷாகிராவிடம், "நீங்களும் ஏறுங்க. பூந்தமல்லி ஆஸ்பத்திரி" என்றார்.

ஷாகிரா அசையவில்லை. தகர அடுக்கைப் பார்த்தார். நான் போய் வருவதற்குள் இதை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் அந்தப் பார்வை. பேத்தி அந்த நிலையில் இருக்கும்போது ஒரு பெண் தகரத்தைப் பார்க்கிறாளே என்று உங்களில் யாருக்காவது தோன்றினால், இந்த வேலை உங்களுக்கு ஒத்துவராது, இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தக் குழந்தை திரும்பி வந்து படுக்க வேண்டியதும் அந்தத் தகரத்துக்குக் கீழேதான்.

"நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்" என்று சொல்லி அந்தத் தகர அடுக்கின் மேலேயே உட்கார்ந்தேன். புடவையைத் தாண்டிச் சுட்டது. ஷாகிரா என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, நஸ்ரினும் குழந்தையும் இருந்த காரில் ஏறினார், டிரைவர் கிளம்பினார்.

அதன்பிறகு ஒருங்கிணைப்பாளர் மேஸ்திரியைக் கூப்பிட்டார். "இன்னைக்குப் பெயிண்ட் வேண்டாம். கூரையை மாட்டிக் கொடுங்க."

"நாங்க பெயிண்டருங்க மேடம், கூரை போடறவங்க இல்ல."

"நம்பர் போட்டது யாரு?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். அதற்குமேல் எதிர்த்துப் பேசவில்லை. பெயிண்டர்கள் ஏணியைச் சாய்த்தார்கள். நொறுங்கின ஷீட்டுகளுக்குப் பதில் புதிது வாங்க, பூச்சுக்கு வைத்திருந்த பணத்தை எடுக்கச் சொல்லி ஒருங்கிணைப்பாளர் அங்கேயே நின்றுகொண்டு போனில் ஆபீஸோடு சண்டை போட்டார். ஆபீஸில் பெரியவர்கள் போனில் கத்தியது எனக்கே கேட்டது. என் புகைச்சல் அன்றைக்கு அணைந்தது.

ஆனால் அங்கிருந்த ஆண்கள் யாரும் தகரத்தைத் தொட்டுக் கொடுக்கவில்லை. கூட்டமாக வந்து எங்களைச் சுற்றி நின்றார்கள். அவர்களில் வயதான ஒருவர் கேட்டார். மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர்.

"மாட்டுறது இருக்கட்டும்மா. இடிக்க மாட்டாங்கன்னு சொல்லு. நாங்க மாட்டிக்கினு உள்ள பூடறோம்."

நான் சொல்ல வாயெடுத்தேன். 'யாரும் இடிக்க மாட்டாங்கய்யா, பயப்படாதீங்க' என்பது என் நாக்கு நுனியில் இருந்தது. அந்த முகங்களைப் பார்த்தால் உங்களுக்கும் அதுதான் வந்திருக்கும். ஒரு வார்த்தைதானே, சொன்னால் என்ன குறைந்துபோகிறது? ஒருங்கிணைப்பாளர் என் மணிக்கட்டைப் பிடித்து நறுக்கென்று கிள்ளினார். அடுத்த நாளும் அந்த இடம் கன்றிப்போயிருந்தது.

"தெரியாதுங்க" என்றார் அவர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை பேரைத் தெருவில் நிறுத்திவிட்டு இப்படியா ஒரு பதில்?

"இந்த நம்பர் எங்க ஆளுங்க போட்டது, பெயிண்ட் அடிக்க. இதுக்காக யாரும் இடிக்க வர மாட்டாங்க. அது எனக்கு நிச்சயமாத் தெரியும். வேற யாராவது வேற நம்பரோட வருவாங்களா மாட்டாங்களான்னு எனக்குத் தெரியாது. அதைச் சொல்ற அதிகாரம் என்கிட்ட இல்ல. எனக்குத் தெரிய வந்தா உங்ககிட்ட மறைக்க மாட்டேன்."

அடிக்க வருவார்கள் என்றே நினைத்தேன். பெரியவர் அவரையே வெறித்துப் பார்த்தார். பிறகு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டார். "தெரியாதுன்னு சொன்ன மொத ஆளு நீதாம்மா" என்றார். குனிந்து ஒரு தகரத்தின் முனையைப் பிடித்து, "தூக்குடா மச்சான்" என்று பக்கத்திலிருந்தவரை அதட்டினார்.

வெயில் சாய்வதற்குள் ஷாகிரா திரும்பி வந்துவிட்டார். குழந்தைக்கு உடம்பில் நீர் வற்றிப்போயிருந்ததாம், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்ல முடியாது என்று டாக்டர் திட்டினாராம். நஸ்ரினையும் குழந்தையையும் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். ஷாகிரா தன் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு மண்ணெண்ணெயும் பழந்துணியும் கொண்டு வந்து கதவில் இருந்த சிவப்பு நம்பரைத் தேய்த்தார். தேய்த்துத் தேய்த்துக் கை சிவந்த பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"உங்களுக்கு நம்பர் வேணும்ல?"

"வேணும்தான். இல்லேன்னா வேலை செய்ய ஆளு எப்படி வருவான்?"

"அப்ப உள்ள வந்து எழுதுங்க." கதவை உள்பக்கமாகச் சாத்தி அதன் முதுகைக் காட்டினார். "இங்க. ஊட்டுக்குள்ள வந்து, உக்காந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு எழுதறவன் எங்க ஆளு. வெளியவே நின்னு எழுதிட்டுப் போறவன் இடிக்கிறவன். இனிமே எங்களுக்குக் கணக்கு அதான்."

உள்ளே உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு என் கையாலேயே நீல பெயிண்டில் எழுதினேன். அந்தக் கரையில் எல்லா வீட்டிலும் அப்படியே எழுதினோம். அன்றிலிருந்து இந்தத் திட்டத்தில் அதுதான் பழக்கம். வேலை இழுக்கிறது என்று உங்கள் மேஸ்திரிகள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

பூச்சு முடிந்து ஃபேனும் மாட்டின பிறகு ஒருநாள் உச்சி வெயிலில் போனேன். குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. ஷாகிரா மணைமேல் ஏறி, தகரத்தின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை அழுத்திக் காட்டினார். "பாருங்க, சுடல" என்றார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இதோடு முடிந்திருந்தால் உங்கள் பயிற்சி வகுப்புக்கு நல்ல கதைதான்.

மழைக்காலம் முடிந்து, நான் ஓய்வு பெறும் சமயம். அந்த ஒருங்கிணைப்பாளர் வேறு ஊருக்கு மாறிப் போயிருந்தார். ஒருநாள் மத்தியானம் ஷாகிராவிடமிருந்து போன்.

"அக்கா, வெளிய எழுதிட்டாங்க."

அவ்வளவுதான். வைத்துவிட்டார். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒருவரை அழைத்துக்கொண்டு ஆட்டோவில் ஓடினேன். போய்ச் சேரும்போது கூரைகளில் பாதி இறங்கியிருந்தது. இந்தத் தடவை கூச்சல் இல்லை, ஓட்டம் இல்லை. போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு நிதானமாகக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஷீட்டும் நொறுங்கவில்லை. சாலையோரம் எங்கள் வெள்ளைத் தகரங்கள் கண்ணைக் கூச வைத்துக்கொண்டு நின்றன. சோலார் பலகை ஜமக்காளத்தில் சுற்றியிருந்தது. ஃபேனை நஸ்ரின் தன் துப்பட்டாவில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள், குழந்தை அவள் இடுப்பில். யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. ஒரு கேள்விகூட இல்லை. முதல் தடவை பார்த்த அதிர்ச்சியைவிட அந்தப் பக்குவம் என்னை அதிகமாகக் கலக்கியது.

கூட வந்தவர் ஷாகிராவின் அருகில் போய் இரக்கத்தோடு ஆரம்பித்தார். "பயப்படாதீங்கம்மா, ஒண்ணும்..."

அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கிள்ளினேன். அவர் இப்போது உங்களோடுதான் இருக்கிறார். கேட்டால் கையைக் காட்டுவார்.

மறுநாள் இயந்திரம் வந்தது. இடிக்கச் சுவர்கள்தான் மிச்சம் இருந்தன. ஒதுக்கீடு கிடைத்தவர்கள் மாடி வீடுகளுக்குப் போனார்கள். ஷாகிராவுக்கு ஏதோ ஒரு காகிதம் குறைந்ததாம், கிடைக்கவில்லை. நான் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. நடக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது, அதை மறைக்கப்போவதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் ஷாகிராவே கூப்பிட்டார், போனேன். குத்தம்பாக்கத்தில் புது பஸ் நிலையத்தைத் தாண்டி, யாரோ ஒருவருடைய காலி மனையில் வாடகைக்கு ஒரு மூலை. அங்கே நாலு சுவர், மேலே அதே வெள்ளைத் தகரம். போல்ட் போட்ட பழைய ஓட்டைகளைத் தார் வைத்து அடைத்திருந்தார். சின்ன ஃபேன் சுற்றியது. அதன் கீழே குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நடை பழகியது. நான் உள்ளே போய் உட்கார்ந்ததும் ஷாகிரா கதவைச் சாத்தினார். கதவையும் பெயர்த்துக்கொண்டு வந்திருந்தார். உள்பக்கத்தில் என் கையெழுத்தில் நீல நம்பர் அப்படியே இருந்தது.

"ரெண்டு தகரத்துல வெள்ள உரிஞ்சி போச்சுக்கா. நம்பர் கீது பாருங்க. ஆள அனுப்புவீங்கல்ல?"

"அனுப்பச் சொல்றேன்" என்றேன். என் அதிகாரத்தில் மிச்சமிருந்தது அதுதான். இதைப் படிக்கிற நீங்கள்தான் அந்த ஆள்.

தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். குழந்தை விழுந்து எழுந்தது. ஷாகிரா வாஷர் மூட்டையை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல் கேட்டார்.

"இங்கயும் வருவாங்களாக்கா?"

நாக்கு நுனியில் அதே பழைய வார்த்தை வந்து நின்றது. கிள்ள யாரும் இல்லை.

"தெரியாது ஷாகிராம்மா."

அவர் தலையாட்டினார். "சரி, உக்காருங்க. டீ போடறேன்" என்று எழுந்தார்.